எஞ்சின் திறந்து கிடந்த வாரம்

பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்த வேண்டாம், கீழ் வளைவிலேயே இறக்கிவிடுங்கள் என்று நீங்கள் மூன்று பேரும் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பெரியவள்தான் முதலில் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்கப்பா" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் சின்னவன்தான் போட்டு உடைத்தான். "பொண வேன்ல வர்றானுங்கன்னு சொல்றாங்கப்பா."

போன கிறிஸ்மஸுக்கு எல்லோரும் வந்திருந்தபோது அதே சின்னவன் கேட்டான்: "நல்ல வெல வந்துச்சே, ஏம்ப்பா அத விக்கல?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேன் என் கைக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்காரர் பாண் ஏற்றிக்கொண்டிருந்த வேன் அது. மழை நாளில் கதவைச் சாத்தினால் உள்ளே பாண் வாசனை வரும். அதைத் தெமோதரைச் சந்தியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினேன். முதல் இரண்டு வருடம் எல்லா வேலைக்கும் கூப்பிட்டார்கள். கல்யாணம், சடங்கு, பதுளைக்குத் துணி எடுக்கப் போகிறது, கதிர்காமம். உங்கள் அம்மா முன் சீட்டுக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள், மேல் தோட்டத்துக் கிழவி ஒருத்தி பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவளுடைய மகன் சந்திக்கு வந்து ஒவ்வொரு வேனாகக் கேட்டான். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. பிணம் ஏற்றினால் வேனைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். அதோடு முடியாது. அப்புறம் கொஞ்ச காலத்துக்கு நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் ஒரு டிரைவர் என்னைக் காட்டினான்.

"அண்ணன் வேதக்காரருதானே? வேதக்காரருக்கு ஏது தீட்டு? அவரக் கேளு."

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. எங்கள் மாதா கோயிலில் இறந்தவரை உள்ளே கொண்டுவந்து வைத்துத்தானே பூசை நடக்கிறது? நான் போய்க் கிழவியைக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு யாரும் சந்தியில் நின்று கேட்கவே இல்லை. நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கல்யாணக்காரர்கள் மெல்ல மெல்ல வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். என்மேல் கோபமில்லை. எதிரில் கண்டால் சிரிப்பார்கள், நலம் விசாரிப்பார்கள். வேனை மட்டும் கைகாட்டி நிறுத்த மாட்டார்கள். அம்மா அந்தப் பூப்போட்ட உறையைக் கழற்றி உங்களுக்குத் தலையணை உறையாக்கிவிட்டாள்.

அந்த மலைமேல் லயங்களில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகளில், இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து லாரி தேயிலைக்கும் உரத்துக்கும்தான். பஸ்ஸில் பிணம் ஏற்ற முடியாது. டாக்டர் இனி வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டால், மூச்சு இருக்கும்போதே கொண்டுபோய் லயத்துக் காம்பராவில் படுக்கவைத்து, வாயில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். பிறகு தேயிலை மலைக்குக் கீழே தங்கள் ஆட்கள் கிடக்கிற அதே மண்ணில் வைக்க வேண்டும். அதை விட்டால் அவர்களுக்கு இந்த நாட்டில் தங்களுடையது என்று காட்ட ஒரு சாண் இடமும் கிடையாது.

அரிசிக்கும் மாவுக்கும் விடிய முன் வரிசையில் நின்ற காலம் வந்தது. உங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு ஞாபகமிருக்கும். நாங்கள் சந்தியில் இருந்தோம், எப்படியோ சமாளித்தோம். மேலே லயங்களில் சனம் எலும்பும் தோலுமாகிவிட்டது. பிள்ளைகளும் வயதானவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். என் வேனுக்கு வேலை கூடியது. கூடிய வேலையால் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்கத்தான் அப்போது பழகிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில்தான் எஞ்சின் போனது. பதுளையிலிருந்து வெறும் வேனாக வந்துகொண்டிருந்தேன். ஹாலிஎல தாண்டி ஏற்றத்தில் வேனின் வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பின்னால் பாதையே தெரியாத அளவுக்குப் புகை. ஓரங்கட்டி நிறுத்தினேன். ஒரு லாரிக்காரர் கயிறு போட்டுப் பதுளைக்கே திருப்பி இழுத்துப்போய்க் கராஜில் விட்டார்.

கராஜில் மெக்கானிக்காக இருந்த பாஸ் சிங்களவர். நல்ல தமிழ் பேசுவார். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அண்ணே, செய்யலாம். ஆனா உள்ளுக்குச் சாமான் எல்லாம் மாத்தணும். புதுச் சாமான் நாட்டுல இல்ல, இறக்க விடுறதும் இல்ல. வேற செத்த வேன் ஒண்ணுல கழட்டி எடுக்கணும்."

"செஞ்சா எவ்வளவு காலம் ஓடும் பாஸ்?"

"அது எனக்குச் சொல்ல ஏலாது. நீங்க கோயிலுக்குப் போற மனுசன்தானே, அங்க கேளுங்க."

அவர் சொன்ன செலவுக்கு ஒரே ஒரு பணம்தான் என்னிடம் இருந்தது. அது கூரைத் தகரம் மாற்ற அம்மா சேர்த்துவைத்திருந்தது.

கராஜுக்கு இரண்டு கடை தள்ளிப் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் இருந்தார். எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சம்பள நாளில் தோட்டந்தோட்டமாகப் போய்த் துணி விற்க அவருக்கு ஒரு வேன் தேவையாக இருந்தது. நான் அங்கே வாங்குப் பலகையில் குந்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"தம்பி, வேன எனக்குத் தாங்க. கெடக்கிறபடியே எடுக்கிறன். எனக்கு வேற எஞ்சின் ஒண்டு போட வழி இரிக்கி. வேன் மட்டும் வேணாம், நீங்களும் வேணும். மாசச் சம்பளம். தோட்டத்துப் பாத எனக்கிட்ட இரிக்கிற பொடியனுகளுக்குச் சரிவராது."

"நானா, இது என்ன வேல செஞ்ச வேன்னு தெரியும்தானே?"

"தெரியாம என்ன? மையத்துத் தூக்கினா நன்மதானே. ஆனா யாவாரத்துக்கு அது சரிவராது பாருங்க. பெயிண்ட அடிச்சிருவம். பொறகு அந்த ஹயர் போக ஏலாது. சாரி எடுக்க வாற புள்ள மோந்து பாத்துட்டு வச்சிட்டுப் போயிருவா."

அவர் சொல்லிய விலை நியாயமானது. மாசச் சம்பளம் என்பது நான் பிறந்ததிலிருந்து காணாத ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் உங்கள் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கண்ணத் தொறந்துட்டா" என்றாள். அன்று முழுக்க அவள் வேறு மனுஷியாக இருந்தாள். அரிசி புடைக்கும்போது நிமிர்ந்து, "என்ன கலர் அடிப்பாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீலம் அடிக்கச் சொல்லுங்க. நீலம்னா புள்ளைங்க ஏறும்."

நான் சுளகிலிருந்த கல்லைப் பொறுக்கினேன். "மேல உள்ளவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வேன் வாங்குறதுக்கு முந்தி என்ன செஞ்சாங்களோ அத செய்வாங்க" என்றாள். அவள் சொன்னது கொடுமையாக எனக்குப் படவில்லை. மூன்று பிள்ளைகளையும் ஒழுகுகிற கூரையையும் வைத்துக்கொண்டு இருக்கிறவள் வேறு எப்படிப் பேசுவாள்?

விற்றுவிடுவது என்றுதான் எனக்கும் மனசு சாய்ந்திருந்தது. பாஸிடம் எஞ்சினைத் தொடாமல் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து மேல் டிவிசனில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஒருவருடைய மனைவி நம் வாசலில் வந்து நின்றாள். கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே இறங்கி வந்திருந்தாள். அவளுடைய புருசன் கொஞ்ச நாளாகப் பெரியாஸ்பத்திரியில் கிடப்பது எனக்குத் தெரியும்.

"அண்ணே, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிட்டாங்க. அவரும் போகணும் போகணும்னு நிக்கிறாரு. எங்க ரெண்டு புள்ளைங்களும் அங்கதானே கெடக்குதுங்க. அதுங்க பக்கத்துல போட்டுருங்கிறாரு."

"வேன் கராஜ்ல கெடக்குதும்மா. எஞ்சினத் தொறந்து போட்டிருக்காங்க."

அவள் யோசித்துவிட்டு, "மூட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுபோனதை நான் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பதுளைக்குப் பஸ் ஏறினேன். வேறு ஒரு வேன் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பதுளை வேன் ஸ்டாண்டில் முன்னால் நின்ற டிரைவர் என்னை அறிந்தவன்தான். விசயத்தைச் சொன்னதும் அவளைப் பார்த்து, "ஆளு எப்படி, தெமோதர மட்டும் தாங்குவாரா?" என்று கேட்டான்.

தாங்குவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். அவளுக்குப் பொய் வரவில்லை. "தெரியலைங்களே" என்றாள்.

"தெரியலைன்னா எப்படிக்கா? நாளைக்கு எனக்குப் பொண்ணு வீட்டு ஹயர் இருக்கு. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்ணே, ஊரு பொணத்தையெல்லாம் கொண்டுபோனீங்க. இப்ப ஒங்க வேனே செத்துக் கெடக்குதாமே. அத யாரு வந்து எடுக்கிறது?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். அடுத்த வேன்காரன் நாங்கள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டான்.

"கோச்சியில போயிருவோம்ணே" என்றாள் அவள்.

சந்தையில் மரக்கறி தள்ளுகிற ஒருவரிடம் கைவண்டி கேட்டு வாங்கினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாக்கு விரித்து அவளுடைய புருசனைப் படுக்கவைத்து, ரயில் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவருக்குப் பாரமே இல்லை. கண் மட்டும் தெளிவாக இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணே, வேன் எங்க?"

"ரிப்பேர்."

"ஏத்தத்துல எத்தன தடவ அதத் தள்ளியிருக்கேன். இன்னைக்கு நீங்க என்னையத் தள்ளுறீங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

கோச்சியில் மூலைச் சீட்டு கிடைத்தது. கம்பளியைச் சுற்றி, சன்னல் பக்கம் உட்கார்த்தி, அவள் தன் தோளில் அவருடைய தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் மறுபக்கம் அணைத்துக்கொண்டேன். கோச்சி நகர்ந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மெதுவாக அவருக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.

"ஹாலிஎல வந்திருச்சுங்க. இந்தா, ஆத்துல துணி தொவைக்கிறாங்க." கொஞ்ச தூரம் போனதும், "உடுவரை. மழை வரும்போல இருக்கு. கவ்வாத்து மலையெல்லாம் தளுத்திருச்சு பாருங்க." அவர் கண்ணைத் திறக்காமல் "ம்" என்பார். அந்த "ம்" வருகிறதா என்று நானும் காத்துக்கொண்டிருப்பேன்.

எதிரில் ஒரு சிங்கள அம்மா இருந்தாள். கூடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, நோயாளிக்குக் கொடுக்கும்படி சைகை காட்டினாள். இவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பதுளையிலிருந்து வருகிற கோச்சி தெமோதரைக்கு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்தில் புகுந்து, வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறித்தான் மேலே ஸ்டேஷனுக்கு வரும். சின்ன வயதில் நீங்கள் அதற்காகவே கோச்சியில் போக ஆசைப்படுவீர்கள். அன்று சுரங்கம் வந்ததும் உள்ளே இருட்டாகிவிட்டது. "சுரங்கம்தாங்க. நம்ம ஸ்டேசனு இப்ப தலைக்கு மேல இருக்கு" என்று அவள் சொன்னாள். அந்த இருட்டில் எனக்கு "ம்" கேட்கவில்லை. சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

வெளிச்சம் வந்தபோது துவண்டு விழுந்திருந்த அவருடைய கையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். என்னை நோக்கி மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கோச்சியை நிறுத்துவார்கள், கார்ட் வருவார், போலீஸ் வரும், மறுபடியும் பதுளைக்கே கொண்டுபோகச் சொன்னாலும் சொல்வார்கள். வீடு தலைக்கு மேல் இருக்கிறது. போய்ச் சேர ஒரு சுற்று மிச்சம்.

அந்தச் சுற்று முழுக்க அவள் வழி சொல்வதை நிறுத்தவில்லை. "இந்தா வளையுது. கோயில் மரம் தெரியுது. அந்தா, ஸ்டேசன் தகரம்." குரல் கொஞ்சமும் மாறவில்லை. எதிரில் இருந்த அம்மா தோடம்பழத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். இவள் சிங்களத்தில், "எழும்பினதும் குடுக்கிறேன்" என்றாள். எனக்கு வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

பதுளையிலேயே பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்ததால், ஸ்டேஷனில் மேல் டிவிசன் ஆட்கள் நான்கைந்து பேர் மரக்கம்போடும் கம்பளியோடும் காத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து, நடப்பவரைப்போல் அவரை இறக்கினோம். கோச்சி புறப்பட்டுப் போய், கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகுதான் அவள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கம்பளியைக் கம்பில் தொட்டில்போல் கட்டி, தேயிலை மலைக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையில் தூக்கிக்கொண்டு ஏறினோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். வேனில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறேன், பாரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு தோள் மாற்றினோம். மழை பிடித்துக்கொண்டது. கால் வழுக்கி ஒருவன் முழங்காலில் விழுந்தான், கம்பை மட்டும் விடவில்லை. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

லயத்து வாசலில் வயதாகித் தோட்டத்து வேலைப் பட்டியலில் பெயர் வெட்டப்பட்ட கிழவர் ஒருவர் ஊன்றுகோலோடு நின்றார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காத மனுசன்.

"எதுல வந்தான்?"

"கோச்சியில மாமா."

"தொரமாருதான் கோச்சியில போவாங்க. இவன் பெரிய ஆளாகிட்டான்" என்றார். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் செத்தவரின் முகத்தில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார்.

நான் ஆள் அனுப்பியிருந்தேன், உங்கள் அம்மாவும் ஏறி வந்தாள். பெண்களோடு உட்கார்ந்து அவளும் அழுதாள். அங்கே யாராவது வேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள், ஏசுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் முதலில் கறுப்புத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சீனி கிடைக்காத காலம். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கருப்பட்டி வைத்தார்கள்.

அடக்கம் முடிந்து நாங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தோம். அம்மா முன்னால் நடந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள்.

"நான் பெரியாஸ்பத்திரியில கெடந்து செத்தா, என்னையும் கோச்சியிலதான் ஏத்தி உக்கார வைப்பீங்களா?"

"என்ன பேச்சு பேசுற?"

"கேக்குறேன், சொல்லுங்க."

நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பள கோச்சியில பேசிக்கிட்டே வந்தாளாமே. எனக்கு அந்தத் தைரியம் வராது. நானாகிட்ட சொல்லிருங்க, விக்கலைன்னு."

"தகரம்?"

"சட்டி இருக்குல்ல, வைக்கலாம்."

"இன்னொரு தடவ யோசிச்சுக்க. மாசச் சம்பளம்."

"யோசிச்சா வித்துருங்கன்னு சொல்லிருவேன். பேசாம நடங்க" என்றாள்.

இதுதான் பிள்ளைகளே, நடந்தது. வேனை விற்காமல் விட்டது அப்பா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குள் விற்றுவிடலாம் என்ற ஆசை அந்தப் பாதையிலும் கொஞ்சம் இருந்தது. முடிவு சொன்னது உங்கள் அம்மா. நீங்கள் கூரையின் கீழ் சட்டியும் பேணியும் வைத்துக்கொண்டு தூங்கிய அந்த ஐந்தாறு மழைக்காலமும் அவள் ஒரு தடவைகூட அந்தத் தகரப் பணத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முழங்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு நட்டம்" என்றார். "சரி, போங்க. நட்டத்தோட நட்டம் இதையும் கொண்டுபோங்க" என்று அலுமாரித் தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக்கட்டை இறக்கிவைத்தார். "ஏத்துற நேரம் மேல போட்டு மூடுங்க. கம்பளியால மூடிக் கொண்டுபோறத நானும் கண்டிரிக்கிறன். சரியில்ல." காசு கொடுக்கப் போனேன். "வேனத் தரல்ல, காச மட்டும் தாறீங்களா?" என்று ஏசித் துரத்திவிட்டார்.

பாஸும் நானும் செத்த வேன் தேடி அலைந்தோம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து எல்லையில், பனிக்குள், சக்கரமில்லாமல் ஒன்று கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் குஞ்சு பொரித்த பிறகு வரச் சொன்னார். நாங்களும் காத்திருந்து, பிறகு போய்க் கழற்றிக்கொண்டு வந்தோம்.

ரிப்பேர் முடிந்து வேன் வீட்டு முற்றத்துக்கு வந்த அன்று மேல் டிவிசனிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள், மாடு கன்று போட்டால் வந்து பார்ப்பார்களே, அப்படி. எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினேன். ஒருவன் சத்தம் நல்லா இருக்கு என்றான், ஒருவன் பழைய சத்தம்தான் என்றான். அந்தக் கிழவரும் ஊன்றுகோலோடு இறங்கி வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து, மெல்ல ஏறி, பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

"மாமா, என்ன செய்றீங்க?"

"எனக்குப் பத்துமான்னு பாக்குறேன். காலு கொஞ்சம் இடிக்குது. அந்த ஸ்பேர் டயர வேற எடத்துல வையுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் வாசலிலிருந்து ஓடி வந்தாள். "எறங்குங்க மாமா. வெளையாடுற வெளையாட்டா இது?" என்று அவரைக் கையைப் பிடித்து இறக்கினாள். இறக்கி உட்காரவைத்து அவருக்குத்தான் முதலில் தேத்தண்ணி கொடுத்தாள். நான் அன்றே ஸ்பேர் டயரை முன்பக்கம் மாற்றிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வேன் ஓடிய வருடங்களில் எத்தனை பேரை ஏற்றியது என்று நான் எண்ணவில்லை. கிழவரை மட்டும் அது அப்படிக் கொண்டுவரவில்லை. அடுத்த வருடமே, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அவருடைய மகன் குடும்பத்துக்கு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்துவிட்டது. அவரைத் தனியாக விட்டுப் போக முடியாதே. பெட்டி, பாய், அம்மி எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினோம். கிழவரை நான் முன் சீட்டில் உட்காரவைத்தேன். தோட்டத்து எல்லை வரை அவர் ஊன்றுகோலை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். இடுகாட்டு மரம் வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பேரப்பிள்ளைகள் நேரமாச்சு என்று சத்தம் போட்டார்கள்.

"தம்பி, அங்க இப்புடி ஒரு வேன் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும் மாமா. அது பெரிய ஊரு."

"இருந்து என்ன? எங்க கொண்டுபோகணும்னு கேட்டா எந்த எடத்தச் சொல்றது?"

நான் கியரைப் போட்டேன். இந்தியாவுக்குப் போகிறவர்களும் அனுப்ப வந்தவர்களுமாக ஸ்டேஷன் முழுக்க அழுகையாக இருந்தது. அவரை இறக்கிக் கோச்சியில் ஏற்றி, சன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு வந்தேன். வெறும் வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றாள். அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போய், அன்று நேரத்தோடு விளக்கைப் பொருத்தி, உங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் செபம் சொன்னாள். யாருக்காக என்று நீங்கள் கேட்டீர்கள். பிரயாணம் போகிறவர்களுக்காக என்றாள்.